தாய்நாட்டைக் கடைசியில் கண்ட பயணி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ள நாடு மொரோக்கோ. வடக்கே மத்தியதரைக் கடல், மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல், தெற்கே சஹாரா பாலைவனம் ஆகியவை அதன் எல்லைகளாக விளங்குகின்றன. நாட்டின் குறுக்கே அட்லாஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான தூப்கால் 4,167 மீட்டர் உயரமுடையது. இது சபாவிலுள்ள கினபாலு மலையைவிடச் சற்றே உயரமானது. மலையின் ஒருபுறம் கோதுமை வயல்களும் ஒலிவ மரத்தோப்புகளும் பசுமையாகக் காட்சியளிக்கும். மறுபுறம் பேரீச்ச மரங்களும் மணல்மேடுகளும் பரந்து கிடக்கும்.

இம்மலைகளில் ஏறவும், பாலைவனத்தில் ஒட்டகச் சவாரி செய்யவும், பழைமையான நகரங்களைக் காணவும் இன்று பல நாட்டு மக்கள் மொரோக்கோவுக்குச் செல்கின்றனர். அந்நாட்டில் பிறந்தும், உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய பிறகே அதன் மலைகளையும் பாலைவனத்தையும் கண்டறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் உலகப் புகழ்பெற்ற பயணி இப்னு பதூதா.

பிறப்பும் இளமையும்

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் வடகோடியிலுள்ள தாஞ்சியர் துறைமுக நகரில் பிறந்தார். அந்நகருக்கு எதிரே ஜிப்ரால்டர் நீரிணை உள்ளது. அந்நீரிணையின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே கொண்டது. வானம் தெளிவாக இருக்கும் நாள்களில் ஐரோப்பியக் கரையைத் தாஞ்சியரிலிருந்தே காணலாம். பல நாட்டுக் கப்பல்களும் வணிகர்களும் வந்துபோகும் ஊரில் அவர் வளர்ந்தார்.

அவருடைய குடும்பம் வட ஆப்பிரிக்காவின் பூர்வ குடிகளான பெர்பர் மக்களின் வழிவந்தது. அக்குடும்பத்தில் பலர் காஜி எனப்படும் நீதிபதிகளாகப் பணியாற்றியவர்கள். எனவே, இப்னு பதூதாவும் இளமையிலேயே இஸ்லாமியச் சட்டத்தைக் கற்றார். அக்காலத்தில் இச்சட்ட அறிவு பெற்றவருக்குத் தொலைதூர நாடுகளிலும் மதிப்பும் வேலையும் கிடைத்தன. பிற்காலத்தில் அவருடைய பயணங்களுக்குக் கைகொடுத்தது இக்கல்வியே.

பெற்றோரைப் பிரிதல்

1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 21ஆம் வயதில், இப்னு பதூதா மக்கா நகருக்கு ஹஜ் யாத்திரை மேற்கொண்டார். அவருடன் துணைக்கு யாரும் செல்லவில்லை. பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்குப் பெருந்துயரத்தை அளித்தது. எனினும், புனித நகரைக் காண வேண்டும் என்னும் ஆவல் அத்துயரத்தை வென்றது. யாத்திரை முடிந்ததும் வீடு திரும்பலாம் என்றே அன்று யாரும் எண்ணியிருப்பர்.

பயணத்தின் தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. வழியில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. குதிரையிலிருந்து விழுந்துவிடாமல் இருக்கத் தம் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். துனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்தவர்களை வரவேற்க அவரவர் நண்பர்கள் வந்திருந்தனர். இப்னு பதூதாவிடம் மட்டும் நலம் விசாரிக்க ஒருவரும் இல்லை. தனிமை தாங்காமல் அவர் கண்ணீர் விட்டு அழுதார். அதைக் கண்ட சக பயணி ஒருவர் அருகில் வந்து அன்பாகப் பேசி ஆறுதல் கூறினார். அந்தச் சிறிய உதவியை அவர் முதுமையிலும் மறக்கவில்லை.

உலகை வலம் வந்த ஆண்டுகள்

எகிப்தையும் சிரியாவையும் கடந்து 1326ஆம் ஆண்டு இப்னு பதூதா மக்காவை அடைந்தார். ஆனால், யாத்திரையோடு அவருடைய பயணம் முடியவில்லை. ஒரு முறை சென்ற பாதையில் இயன்றவரை மறுமுறை செல்லக்கூடாது என்பதை அவர் தம் வழக்கமாக்கிக்கொண்டார். பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா எனப் பல பகுதிகளைச் சுற்றி, இந்துகுஷ் மலையைக் கடந்து இந்தியாவை அடைந்தார்.

டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் அவரை நீதிபதியாக நியமித்தார். சில ஆண்டுகளுக்குப் பின், அவரைச் சீனாவுக்குத் தூதராகவும் அனுப்பினார். ஆனால், கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் வீசிய புயல் தூதுக் கப்பலை அழித்தது. அப்போது இப்னு பதூதா கரையில் இருந்ததால் உயிர் தப்பினார். பின்னர் அவர் மாலத்தீவில் நீதிபதியாகப் பணியாற்றினார். இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தி மன்னரின் உதவியுடன், இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு சிவனொளிபாத மலையில் ஏறினார். மதுரையை ஆண்ட சுல்தானின் விருந்தினராகத் தமிழகத்திலும் தங்கினார். அங்கிருந்து வங்காளம் வழியாகச் சுமத்திராவின் சமுத்திரா துறைமுகத்துக்குச் சென்று, அதன்பின் சீனாவை நோக்கிக் கப்பல் ஏறினார்.

இவ்வாறு ஆண்டுகள் உருண்டோடின. அவர் சென்ற இடங்களில் திருமணம் செய்துகொண்டார், குழந்தைகளும் பிறந்தனர். ஆனால், எந்த ஊரும் அவரை நெடுங்காலம் கட்டிவைக்கவில்லை. பயணத்தின் மீது அவர் கொண்டிருந்த பேரார்வத்துக்கு அவரைச் சேர்ந்தவர்களும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

வெறுமையான வீடு

1348ஆம் ஆண்டு இப்னு பதூதா மீண்டும் டமாஸ்கஸ் நகருக்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் பிரிந்திருந்த மனைவிக்குப் பிறந்த மகனைக் காண அவர் விரும்பினார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்னும் செய்தியே கிடைத்தது. அதே நகரில் தாஞ்சியரைச் சேர்ந்த அறிஞர் ஒருவரைச் சந்தித்தார். தம் தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டதையும், தாய் மட்டும் உயிருடன் இருப்பதையும் அவர் மூலம் அறிந்தார்.

அவ்வாண்டில் கொள்ளைநோய் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பரவி, எண்ணற்ற மக்களைப் பலிகொண்டது. இப்னு பதூதா கடந்து வந்த நகரங்களில் நாள்தோறும் பிணங்கள் சுமந்து செல்லப்பட்டன. அவர் தாயகத்தை நோக்கிப் புறப்பட்டார். 1349ஆம் ஆண்டு மொரோக்கோவின் எல்லையைக் கடந்து தாசா என்னும் ஊருக்கு வந்தபோது, தம் தாயும் கொள்ளைநோயால் இறந்துவிட்டார் என்னும் செய்தியைக் கேட்டார். இன்னும் சில நாள் தொலைவில்தான் வீடு இருந்தது. ஆனால், 24 ஆண்டுகளுக்குப் பின் திரும்பிய மகனை வரவேற்க அங்கே பெற்றோர் இல்லை. தாஞ்சியருக்குச் சென்று தாயின் கல்லறையைக் காணவே அவரால் முடிந்தது.

தன் நாட்டில் ஒரு பயணம்

இப்னு பதூதாவுக்கு அப்போது வயது 45. துயரம் அவரை முடக்கிவிடவில்லை. ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினின் கிரனடா வரை சென்று திரும்பினார். அதன் பிறகு அவருடைய பார்வை தம் சொந்த நாட்டின் மீது திரும்பியது. சீனாவின் துறைமுகங்களை அறிந்தவர், இப்போது தாய்நாட்டின் ஊர்களை ஒவ்வொன்றாகக் காணத் தொடங்கினார்.

மராக்கேஷ் நகரில் குத்துபியா பள்ளிவாசலின் உயர்ந்த கோபுரத்தில் ஏறினார். அங்கிருந்து நகர் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருகாலத்தில் பேரரசின் தலைநகராக விளங்கிய மராக்கேஷின் பல பகுதிகள் அப்போது பாழடைந்து கிடந்தன. அந்நகரைத் தாம் கண்ட பாக்தாத் நகரோடு அவர் ஒப்பிட்டார். ஆனால், பாக்தாத்தின் கடைத்தெருக்களே சிறந்தவை என்பது அவர் கருத்து. மெக்னெஸ் நகரைச் சூழ்ந்திருந்த ஒலிவ மரத்தோப்புகளையும் அவர் கண்டு மகிழ்ந்தார்.

மொரோக்கோவின் தலைநகராக அன்று விளங்கியது ஃபெஸ். 859ஆம் ஆண்டு நிறுவப்பட்டதாகக் கூறப்படும் கரவிய்யின் பள்ளிவாசலும், அதைச் சார்ந்த கல்விக்கூடமும் அந்நகருக்குப் பெருமை சேர்த்தன. மரீனித் மரபைச் சேர்ந்த சுல்தான் அபூ இனான் அங்கிருந்து ஆட்சி செய்தார். உலகில் பல அரசவைகளைக் கண்ட இப்னு பதூதா, தம் நாட்டு இறைச்சி, பழம் ஆகியவற்றின் விலையை எகிப்து, சிரியா நாடுகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எளிய மக்கள் குறைந்த செலவில் வயிறார உண்ணக்கூடிய நாடு தம் நாடே என்று முடிவு செய்தார். மாளிகைகளை மட்டுமல்லாமல், சந்தையில் விற்கும் பொருளின் விலையையும் கவனித்தமையே அவரைச் சிறந்த பயணி ஆக்கியது.

பாலைவனம் கற்பித்த பாடம்

1351ஆம் ஆண்டு இப்னு பதூதா ஃபெஸ் நகரிலிருந்து புறப்பட்டு, அட்லாஸ் மலைக்கு அப்பாலுள்ள சிஜில்மாசா நகரை அடைந்தார். பாலைவனத்தின் ஓரத்தில் பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே இந்நகரம் செழித்திருந்தது. மாலி நாட்டிலிருந்து வந்த தங்கமும், பாலைவனச் சுரங்கங்களில் வெட்டப்பட்ட உப்பும் கைமாறும் வணிக மையமாக அது விளங்கியது.

அங்கே அவருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அவருக்குத் தங்க இடம் அளித்த அறிஞர் அல்-புஷ்ரியின் உடன்பிறந்தவரை, அவர் முன்பு சீனாவில் சந்தித்திருந்தார். ஒரு குடும்பத்தின் இரு மகன்கள் உலகின் இரு கோடிகளில் வாழ்ந்தனர். அவ்விருவரையும் சந்திக்கும் பேறு இப்னு பதூதாவுக்குக் கிடைத்தது.

சிஜில்மாசாவில் அவர் ஒட்டகங்களையும், அவற்றுக்கு நான்கு மாதங்களுக்குத் தேவையான தீவனத்தையும் வாங்கினார். 1352ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வணிகர் கூட்டத்துடன் பாலைவனத்துக்குள் நுழைந்தார். 25 நாள்களுக்குப் பின் அவர்கள் தகாசா என்னும் ஊரை அடைந்தனர். அவ்வூரின் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. அங்கே மரம் ஒன்றுகூட இல்லை. குடிநீரும் உப்புக்கரித்தது. பாளம் பாளமாக உப்பை வெட்டியெடுக்கும் கடும் உழைப்பு அடிமைகளின் தலைமேல் விழுந்திருந்தது.

பயணத்தின் தொடக்கத்தில், கூட்டத்துக்கு முன்னால் சென்று, ஒட்டகங்கள் மேய்வதற்கு ஏற்ற இடத்தைக் கண்டால் அங்கே அவற்றை மேயவிடுவது இப்னு பதூதாவின் வழக்கமாக இருந்தது. ஒரு நாள், கூட்டத்திலிருந்த ஒருவர் தம் உறவினரோடு சண்டையிட்டுக்கொண்டு பின்தங்கினார். கூட்டம் தங்கும் இடத்தை அடைந்தபோது அவரைக் காணவில்லை. தேடியும் பயனில்லை, பாலைவனம் அவரை விழுங்கிவிட்டது. அன்று முதல் இப்னு பதூதா கூட்டத்தை விட்டு முன்னால் செல்லவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. பல நாடுகளைக் கண்ட அனுபவசாலியாக இருந்தும், புதிய இடத்தில் தாமும் ஒரு மாணவரே என்பதை அவர் உணர்ந்தார்.

மாலி நாட்டு மன்னர் வரவேற்புப் பரிசாகச் சில ரொட்டிகளும், ஒரு துண்டு இறைச்சியும், தயிரும் அனுப்பியபோது இப்னு பதூதா ஏமாற்றம் அடைந்தார். எனினும், அந்நாட்டில் நீதி சிறந்திருந்ததையும், வழிப்போக்கர் திருடர் பயமின்றிச் செல்ல முடிந்ததையும் மனமாரப் பாராட்டினார்.

பனி மூடிய மலைப்பாதை

1353ஆம் ஆண்டு, உடனே தலைநகர் திரும்புமாறு சுல்தான் அபூ இனானிடமிருந்து கட்டளை வந்தது. இப்னு பதூதா ஒரு பெரிய வணிகர் கூட்டத்தோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். விற்பனைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட 600 அடிமைப் பெண்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். அக்காலப் பாலைவன வணிகத்தின் இருண்ட பக்கத்தை இது நமக்குக் காட்டுகிறது.

கூட்டம் சிஜில்மாசாவை அடைந்தது. அங்கிருந்து ஃபெஸ் நகருக்குச் செல்ல அட்லாஸ் மலையைக் கடக்க வேண்டும். அது ஆண்டின் இறுதி, குளிர்காலம். பல மாதங்களாகப் பாலைவன வெயிலில் வாடிய இப்னு பதூதா, டிசம்பர் மாதக் கடைசியில் கடுங்குளிரில் மலைப்பாதையில் ஏறினார். வழியெங்கும் பனி அடர்த்தியாகக் கொட்டியிருந்தது. மத்திய ஆசியாவின் புகாராவிலும் சமர்கண்டிலும் துருக்கியர் நாடுகளிலும் அவர் பனி மூடிய கொடிய பாதைகளைக் கடந்தவர். ஆனால், அவை எல்லாவற்றையும்விடக் கடினமான பாதை, தாய்நாட்டின் இந்த மலையில்தான் இருந்தது என்று அவர் கருதினார். உலகம் முழுதும் சுற்றிய அவருக்கு மிகப் பெரிய சோதனை, தம் வீட்டை நோக்கிச் செல்லும் வழியிலேயே காத்திருந்தது.

நம்பாத மக்கள்

1354ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்னு பதூதா ஃபெஸ் நகரை அடைந்தார். தாம் கண்ட நாடுகளைப் பற்றியும், டில்லி சுல்தானின் அளவற்ற செல்வத்தைப் பற்றியும் அரசவையில் எடுத்துரைத்தார். பலர் அவற்றை நம்பவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டனர்.

அப்போது அந்நகரில் வாழ்ந்த இளைஞரும், பின்னாளில் மாபெரும் வரலாற்றறிஞராக உயர்ந்தவருமான இப்னு கல்தூன் இதைப் பதிவு செய்துள்ளார். அவருக்கும் இந்த ஐயம் இருந்தது. அவர் அதை அரசின் அமைச்சர் ஒருவரிடம் தெரிவித்தபோது, அமைச்சர் ஒரு கதையைக் கூறினார். முன்னொரு காலத்தில் ஓர் அமைச்சர் தம் குழந்தையுடன் சிறையில் அடைக்கப்பட்டார். அச்சிறுவன் சிறையிலேயே வளர்ந்தான். தான் உண்ணும் இறைச்சி எந்த விலங்கினுடையது என்று ஒரு நாள் அவன் கேட்டான். தந்தை ஆட்டைப் பற்றி விளக்கினார். ஆடு என்பது எலியைப் போல இருக்குமா என்று சிறுவன் திருப்பிக் கேட்டான். சிறையில் அவன் கண்ட ஒரே விலங்கு எலிதான்! தான் காணாத ஒன்றை இல்லை என்று மறுப்பவர் அச்சிறுவனைப் போன்றவரே என்பதை அமைச்சர் இவ்வாறு உணர்த்தினார்.

நினைவிலிருந்து பிறந்த நூல்

சுல்தான் அபூ இனான் இப்னு பதூதாவின் அனுபவங்களை நூலாக்குமாறு கட்டளையிட்டார். அப்பணிக்காக இப்னு ஜுஸய் என்னும் இளம் எழுத்தாளரை நியமித்தார். இப்னு பதூதா சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். ஏறத்தாழ 30 ஆண்டுக்காலப் பயணத்தின் பெரும்பகுதியை இப்னு பதூதா தம் நினைவிலிருந்தே கூற வேண்டியிருந்தது. 1355ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் தம் பயண வரலாற்றைக் கூறி முடித்தார். அந்நூல் சுருக்கமாக ரிஹ்லா என்று அழைக்கப்படுகிறது. பயணம் என்பது அச்சொல்லின் பொருள்.

நூலில் சில ஊர்களின் வரிசை மாறியுள்ளது. சில வருணனைகள் முந்தைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவர் கூறும் எல்லா இடங்களுக்கும் அவர் நேரில் சென்றிருப்பாரா என்றும் ஆய்வாளர்கள் வினவுகின்றனர். எனினும், 14ஆம் நூற்றாண்டின் மாலத்தீவையும் மாலி நாட்டையும் அறிந்துகொள்ள இந்நூலைப் போல உதவும் சான்றுகள் மிகச் சிலவே.

நூல் முடிந்த பிறகு இப்னு பதூதா பெரும் பயணம் எதையும் மேற்கொள்ளவில்லை. மொரோக்கோவிலேயே ஒரு நகரில் நீதிபதியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369ஆம் ஆண்டு மறைந்தார்.

நிலைத்த புகழ்

இப்னு பதூதா கடந்த தொலைவு ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் என்று மதிப்பிடப்படுகிறது. இரயிலோ விமானமோ இல்லாத காலத்தில், நடந்தும், விலங்குகளின் மீதேறியும், பாய்மரக் கப்பலிலும் அவர் இத்தொலைவைக் கடந்தார். அவர் இறந்து பல நூற்றாண்டுகள் வரை, அரபு உலகிற்கு வெளியே அவரைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில் கிடைத்த கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர்கள் இந்நூலைப் பதிப்பித்தனர். அதன்பின் அவர் புகழ் உலகெங்கும் பரவியது. இன்று தாஞ்சியர் நகரின் விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலவிலுள்ள பள்ளம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

சிஜில்மாசா நகரம் இன்று இடிபாடுகளாகக் காட்சியளிக்கிறது. ஆனால், அதைச் சூழ்ந்த பேரீச்சந்தோப்புகள் இன்றும் காய்த்துக் குலுங்குகின்றன. அட்லாஸ் மலையின் கணவாய்களில் தார்ச்சாலைகள் அமைந்துவிட்டன. எனினும், குளிர்காலத்தில் பனி மிகுதியாகப் பெய்தால் அச்சாலைகள் மூடப்படுவதுண்டு. அவ்வேளைகளில் வாகனங்கள் மலையடிவாரத்தில் காத்துக்கிடக்கின்றன.

தொலைநாடுகளைக் காண்பது மனிதனின் அறிவை விரிவாக்கும். அவ்வாறு விரிந்த அறிவோடு சொந்த நாட்டைக் காண்பவருக்கு, நேற்றுவரை கண்ணில் படாத அதன் சிறப்புகளும் குறைகளும் தெளிவாகத் தெரியும். இப்னு பதூதாவின் வாழ்க்கை இவ்வுண்மையை விளக்குகிறது. அதே வேளையில், பயணத்தில் அவர் பெற்றவை ஏராளம் என்றாலும், பெற்றோரின் இறுதி நாள்களை அவரால் திரும்பப் பெற முடியவில்லை என்பதையும் அவர் வரலாறு நினைவூட்டுகிறது.